பவளத் தீவில் விடுமுறை: மாலத்தீவின் கதை

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே செல்லலாம் என்ற பேச்சு எழுந்தால், முன்பெல்லாம் நம் வீடுகளில் ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம் ஆகிய பெயர்களே அடிபடும். இப்போது அவற்றோடு மாலத்தீவின் பெயரும் சேர்ந்துகொண்டுள்ளது. தூத்துக்குடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அதன் தலைநகரான மாலே சுமார் 700 கி.மீ. தொலைவுதான். பளிங்கு போன்ற நீல நீர், வெண்மணல், சாய்ந்து நிற்கும் தென்னை ஆகியவற்றைப் படங்களில் பார்க்கும்போது, இத்தீவுகள் ஆதியிலிருந்தே உல்லாசபுரிகளாக விளங்கினவோ என்று நமக்குத் தோன்றும்.

உண்மை அதுவன்று. 1972 வரையில் மாலத்தீவில் சுற்றுலா விடுதி ஒன்றுகூட இருந்ததில்லை. 1960-களில் அங்கு சென்று பார்த்த ஐக்கிய நாடுகள் வளர்ச்சிக் குழு ஒன்று, சுற்றுலாத் தொழிலை அந்நாட்டிற்குப் பரிந்துரைக்கவில்லை. அடிப்படை வசதிகள் ஏதுமில்லாத சிறு மணல் திட்டுகளுக்கு யார் வருவார்கள் என்று எவரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 2024-ஆம் ஆண்டில் அங்கு வந்து சென்றோர் 20 இலட்சத்திற்கும் மேல். அங்கு வாழ்வோரின் தொகையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு!

இம்மாற்றம் எப்படி நேர்ந்தது? அதற்கு அத்தீவுகள் கொடுத்த விலை என்ன? பயணச்சீட்டு வாங்குமுன் இவ்வரலாற்றை அறிந்துகொள்வது வீண்வேலையாகாது. எந்த மாதத்தில் போவது, எங்கே தங்குவது, பிள்ளைகளை எந்த நீரில் இறங்கவிடுவது என்ற வினாக்களுக்குக்கூட இதில் விடை கிடைக்கும்.

எரிமலை மூழ்கிய இடம்

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளின் கூட்டம். வடக்கிலிருந்து தெற்காக 800 கி.மீ.க்கு மேல் நீண்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிச் செல்கிறது. ஆனால் நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கி.மீ.தான். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்கு ஒரு மீட்டர் உயரத்திற்குள் அடங்கிவிடும். தீவுகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. மாலையில் கோத்த மணிகளைப் போல வளையம் வளையமாக அமைந்துள்ளன. இவ்வளையத்தை அந்நாட்டின் திவேகி மொழியில் 'அதொளு' என்பர். உலகம் முழுவதும் அறிவியல் நூல்களில் வழங்கும் 'அட்டால்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே.

நடுக்கடலில் இத்தகைய வளையங்கள் தோன்றியது எப்படி? இதற்குச் சரியான விளக்கம் தந்தவர், பரிணாமக் கொள்கையால் நாம் நன்கறிந்த சார்லஸ் டார்வின். 1842-ல் வெளிவந்த நூலில் அவர் கூறியது இதுதான்: முதலில் கடலிலிருந்து ஓர் எரிமலைத் தீவு எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவள உயிரிகள் சுண்ணாம்புப் பாறை கட்டுகின்றன. எரிமலை தணிந்து மெல்ல மெல்ல மூழ்கத் தொடங்குகிறது. பவளத்திற்கோ வாழ ஒளி வேண்டும். அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதே காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். ஆகவே மலை இறங்க இறங்கப் பவளப்பாறை மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. இறுதியில் மலை மறைந்துவிடுகிறது. வளையம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

டார்வின் மாலத்தீவிற்குச் சென்றதில்லை. 1834 முதல் 1836 வரை கேப்டன் ராபர்ட் மோர்ஸ்பி என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி அளந்து வரைந்த படங்களைக் கொண்டே அத்தீவுகளைப் பற்றி எழுதினார். அவருடைய விளக்கம் சரிதானா என்று காண்பதற்கு ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1952-ல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் வளையத்தில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை பவளச் சுண்ணாம்பே வந்தது. அதன் அடியில் எரிமலைப் பாறை தென்பட்டது! மாலத்தீவின் அடியிலும் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறைகளே உள்ளன. பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் ஏறியிறங்கியதற்கும் வளையங்களின் உருவ அமைப்பில் பங்குண்டு என்று பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆக, அந்த வெண்மணலில் மலைப்பாறையின் துகள் இல்லை. அது உடைந்த பவளம், சிப்பி, சுண்ணாம்புப் பாசி ஆகியவற்றின் பொடியே. அதில் பெரும்பங்கு கிளிமீன்களின் கொடை. கிளிமூக்கு போன்ற வலிய வாயால் இம்மீன்கள் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று, சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகின்றன. நாம் காலாற நடக்கும் கடற்கரை, உயிர்கள் நாள்தோறும் செய்து தரும் பொருள் என்பதை நினைவில் வையுங்கள். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

சோழியும் கயிறும் மாசியும்

சுற்றுலா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உலகம் இத்தீவுகளை அறிந்திருந்தது. முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள், அவன் வென்ற நாடுகளுள் கடலிலுள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளையும் சேர்த்துச் சொல்கின்றன. இவை மாலத்தீவுகளே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பௌத்தம் தழைத்திருந்த அந்நாடு 1153-ல் இசுலாத்தைத் தழுவியது. 1343-ல் அங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா நீதிபதியாகப் பணியாற்றி, அடுத்த ஆண்டு இலங்கை வழியாக மதுரைப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் இத்தீவுகளின் செல்வம் இரண்டு: சோழியும் தென்னை நார்க்கயிறும். சோழி வங்காளத்தில் நாணயமாகப் புழங்கியது. பிற்காலத்தில் ஐரோப்பிய வணிகர் இதே சோழியைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவிற்குக் கொண்டுசென்று, அங்கு மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கினர் என்பது வரலாற்றின் கொடுமை. கயிறோ, ஆணியில்லாமல் மரக்கலங்களின் பலகைகளைத் தைத்து இணைக்கப் பயன்பட்டது.

நம்மவர்க்கு மிகவும் பழக்கமான மூன்றாவது பொருளும் உண்டு. அதுதான் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்த மாசிக் கருவாட்டை இலங்கையும் நம் தென்கரையும் நெடுங்காலமாக வாங்கி வந்தன. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குச் சென்று வந்ததும் இவ்வுறவின் ஒரு பகுதியே.

1965 ஜூலை 26 அன்று மாலத்தீவு ஆங்கிலேயப் பாதுகாப்பிலிருந்து விடுபட்டது. ஆனால் ஒரே பொருளை ஒரே வாடிக்கையாளருக்கு விற்றுவந்த நாட்டிற்கு விடுதலை மட்டும் சோறு போடாதன்றோ? 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை, மாசி இறக்குமதியைக் குறைத்தது. தெற்கே கன் தீவில் பலருக்கு வேலை தந்துவந்த ஆங்கிலேய விமானப்படைத் தளமும் 1976-ல் மூடப்பட்டது. புதிய பிழைப்பு ஒன்று தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் சுற்றுலா வந்து கதவைத் தட்டியது.

'இளநீர்' என்றொரு விடுதி

இத்தாலி நாட்டுப் பயண ஏற்பாட்டாளர் ஜார்ஜ் கார்பின், மனிதர் கால்படாத கடற்கரைகளைத் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அகமது நசீம் என்னும் இளைஞரைச் சந்தித்து, அவரோடு மாலேக்கு வந்தார். 1972-ன் தொடக்கத்தில் ஒரு சிறு இத்தாலியக் குழுவையும் அழைத்து வந்தார். விடுதி இல்லாததால் அவர்கள் மாலேயில் வீடுகளில் தங்கினர், மீன்பிடித்தனர், வெயில் காய்ந்தனர், மகிழ்ச்சியோடு திரும்பினர். இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. 1602-ல் இத்தீவுகளில் மோதி உடைந்து, பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரரை ஐந்தாண்டுகள் அங்கே சிறைப்பட வைத்த கப்பலின் பெயரும் 'கார்பின்' என்பதே!

அதே 1972-ல் நசீமும் அவர் நண்பர்களும் மாலேக்கு அருகில் ஆளில்லாத் தென்னந்தோப்பாக இருந்த விகமனாபுசி தீவில், முப்பது அறைகள் கொண்ட விடுதியைத் திறந்தனர். பவளக்கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. பெயர் 'குரும்பா'. திவேகி மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நம் 'குரும்பை' காதில் ஒலிக்கிறதல்லவா? அவ்வாண்டு வந்த பயணிகள் சுமார் ஆயிரம் பேர். 1981-ல் விமான நிலையம் விரிவாக்கப்பட்டபின் ஐரோப்பாவிலிருந்து பெரிய விமானங்கள் நேரே வந்திறங்கின. எண்ணிக்கை இலட்சங்களை எட்டியது.

அரசு ஒரு கொள்கையை வகுத்தது: ஒரு தீவிற்கு ஒரு விடுதி, அதுவும் மக்கள் வாழாத தீவில்தான். கட்டடம் தென்னை உயரத்தைத் தாண்டக்கூடாது; நிலத்தின் சிறு பகுதியில் மட்டுமே கட்டலாம். இதனால் தீவுகளின் அழகு பிழைத்தது. உள்ளூர் மக்களின் பழக்கவழக்கங்களும் பெரிதும் குலையவில்லை. ஆனால் வருமானம் சில கைகளிலேயே தங்கியது. விடுதிக் கட்டணமும் செல்வர்க்கு மட்டுமே எட்டுவதாயிற்று. 2009-ஆம் ஆண்டையொட்டி மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினர் மாலத்தீவை நினைத்துப் பார்க்க முடிவது பெரும்பாலும் இம்மாற்றத்தால்தான்.

மிதக்கும் நன்னீர்

ஆறில்லை, ஏரியில்லை, மலையில்லை. அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகளாக அம்மக்கள் எதைக் குடித்தனர்? கிணற்று நீரைத்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றில் நன்னீர் கிடைக்கும் விந்தையை ஒரு கண்ணாடித் தம்ளரில் நீங்களே செய்து பார்க்கலாம். பாதித் தம்ளர் நீரில் நிறைய உப்பைக் கரையுங்கள். வண்ணமிட்ட நல்ல நீரை ஒரு கரண்டியின் முதுகில் பட்டு வழியுமாறு மெதுவாக ஊற்றுங்கள். அது உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும்.

தீவிலும் இதுவே நடைபெறுகிறது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் ஒரு குவிவில்லை போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் நிற்கும் உயரம் 'உ' என்றும், கீழே இறங்கியுள்ள ஆழம் 'ஆ' என்றும் கொள்வோம். நன்னீர் முடியும் இடத்தில் இரு பக்க அழுத்தமும் சமமாக வேண்டும். எனவே 1.000 × (உ + ஆ) = 1.025 × ஆ. இதிலிருந்து ஆ = 40 × உ என்று கிடைக்கிறது. இவ்விதியை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டுப் பொறியாளர் கைபனும், 1901-ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்டனர்.

இவ்விதியில் மகிழ்ச்சியும் உண்டு, அச்சமும் உண்டு. மேலே ஒரு சாண் நீர் நின்றால் கீழே நாற்பது சாண் நீர் உண்டு என்பது மகிழ்ச்சி. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை 10 செ.மீ. தாழ்த்திவிட்டால், அடியிலிருந்து உப்புநீர் 4 மீட்டர் ஏறிவரும் என்பது அச்சம். உண்மையில் கடலின் ஏற்றவற்றம் இரண்டையும் கலக்கிவிடுவதால் நன்னீர்ப் படலம் கணக்கில் வருவதைவிட மெல்லியதாகவே இருக்கும்.

மாலேயில் நேர்ந்தது இதுதான். மக்கள்தொகை பெருகப் பெருகக் கிணறுகள் உவர்த்தன, கழிவுநீர் கலந்தது. 1978-ல் காலரா பரவி உயிர்களைக் கொள்ளை கொண்டது. 1988 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்பி அந்நகரம் வாழத் தொடங்கியது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, ஒரு இலட்சம் பேருக்கு மேல் குழாயில் நீரின்றித் தவித்தனர். விமானங்களிலும் போர்க்கப்பல்களிலும் இந்தியா நீர் அனுப்ப நேர்ந்தது.

இன்று பயணியர் விடுதிகளும் இவ்வாறே நீர் பெறுகின்றன. ஆயிரம் லிட்டர் கடல்நீரைச் சவ்வூடாக அழுத்தி நன்னீராக்கச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தேவை. டீசல் எந்திரத்தில் அந்த மின்சாரத்தைப் பெற ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் எரியும். எனவே 100 லிட்டர் நீரில் நீங்கள் குளித்தால் 100 மில்லிலிட்டர் டீசலில் குளித்ததாகக் கொள்ளலாம்! இரவு முழுவதும் ஓடும் குளிரூட்டியோ இரண்டு லிட்டர் டீசலைக் குடித்துவிடும். கடற்காற்று வீசும் இடத்தில் சன்னலைத் திறந்து வைப்பது எத்தகைய சேமிப்பு என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

கடல் தந்த எச்சரிக்கைகள்

1987 ஏப்ரலில், புயல் எதுவும் வீசாத நிலையில், தொலைவான தென்கடலிலிருந்து எழுந்துவந்த நீண்ட அலைகள் மாலேயைச் சூழ்ந்தன. பவளத்திட்டின்மேல் மண் நிரப்பி நகரை அகலப்படுத்திய பகுதியே பெரிதும் அடிபட்டது. காரணம் எளியது. கடலலையின் ஆற்றலில் பெரும்பகுதியைப் பவளப்பாறையின் விளிம்பும் அதற்குப் பின்னுள்ள ஆழமற்ற திட்டும் உடைத்துச் சிதறடிக்கின்றன. திட்டை நிரப்பிவிட்டால் அலை தன் வலிமையை எங்கே இழக்கும்? கரையில்தான். பின்னர் ஜப்பானின் உதவியோடு கான்கிரீட் தடுப்புகள் எழுப்பப்பட்டன. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் அதிபர் மமூன் அப்துல் கயூம் தாழ்ந்த தீவுநாடுகளின் ஆபத்தை எடுத்துரைத்தார்.

1998-ல் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியது. வெப்பம் பொறாத பவளங்கள் தம்முள் இருந்த நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்தன. ஆழமற்ற பகுதிகளில் 90 சதவீதம் வரை மடிந்தன. சில ஆண்டுகளில் மெல்லத் தேறியவை 2016-ல் மீண்டும் வெளுத்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். பல தீவுகளில் மணலடி நன்னீர் உப்பாயிற்று.

அப்படியானால் இத்தீவுகள் நாளையே மூழ்கிவிடுமா? அவ்வளவு எளிதாக விடை சொல்ல இயலாது. வளையத்தீவுகள் பலவற்றைப் பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, அவை சுருங்காமல் மணலை இடம் மாற்றிக்கொண்டு நிலைத்திருப்பது தெரியவந்துள்ளது. பவளமும் கிளிமீனும் உயிரோடு இருக்கும் வரை மணல் ஆலை ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. கடல் சூடேறும்போது ஆலையே பழுதுபடுகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நேர்வதுதான் உண்மையான கவலை.

நீங்கள் போவதானால்

மேற்கண்டவற்றிலிருந்து குடும்பப் பயணத்திற்கான சில குறிப்புகளைத் தொகுத்துக்கொள்வோம்.

காலம்: சனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றுக் காலம், மழை குறைவு, கடல் அமைதி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். தீவுக்குத் தீவு செல்லும் படகுகள் ஆடும், சிறுவர்க்குக் குமட்டல் வரும். எனவே பள்ளித் தேர்வு முடிந்தவுடன் ஏப்ரலிலேயே செல்வது நன்று.

தங்குமிடம்: மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம் செலவில் குறைவு. அங்கே மது கிடையாது. ஆடையில் அடக்கம் எதிர்பார்க்கப்படும். வெள்ளிக்கிழமைகளில் பொதுப்படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. வந்துசேரும் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

நீராடல்: வளையத்தின் உட்புறத்தில் கரையோரமாக உள்ள ஆழமற்ற காயலில் பிள்ளைகள் விளையாடலாம். இரு திட்டுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால் அருகே விடவே கூடாது. குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீறிடுவதைப் போல, ஏற்றவற்றத்தின்போது அகன்ற காயலின் நீரெல்லாம் அக்குறுகிய வழியே பாயும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது வெளிக்கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

வெயில்: மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் மாலேயின் உச்சியில் நிற்கும். நீரின் குளிர்ச்சியால் சூடு உறைக்காது. ஆனால் புற ஊதாக்கதிர் நீரிலும் ஊடுருவும். முகம் கவிழ்ந்து பவளங்களைப் பார்த்துக்கொண்டிருப்போரின் முதுகு வெந்துவிடும். நனைந்த பருத்தி கதிரை நன்கு தடுக்காது; நீச்சலுக்கென்று நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையே நல்ல காப்பு.

பவளம்: அதன்மேல் ஏறி நிற்காதீர்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு குழந்தையின் தலையளவு பவளத்திற்குப் பத்து வயது இருக்கலாம். அதில் ஒரு துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவது அந்நாட்டிலும் நம் நாட்டிலும் சட்டப்படி குற்றம்.

இறுதியாக ஒன்று. மக்கள் வாழும் தீவில் தங்கினால், பழைய கிணறு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காலையில் ஒருமுறையும் சில மணி நேரம் கழித்து மறுமுறையும் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கடலோடு சேர்ந்து கிணறும் ஏறி இறங்குவதை அவர்கள் காண்பார்கள். அந்த மெல்லிய நீர்ப்படலம் எதன்மேல் மிதக்கிறது என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அக்கிணறு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும்.